தாம்பூலத் தட்டும் திக்குவாய் ராஜாவும்

மகாலட்சுமிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம், புருஷன் பூவரசன். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் குடோன் பொறுப்பு பார்க்கிற அவருக்குத் திக்குவாய். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் சேர்த்து இவள்தான் பேசிவந்தாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பது இவள், ஃபோன் எடுப்பது இவள். அவர் "மோ..." என்று தொடங்கினாலே "மோர்தானே?" என்று முடித்துவைப்பாள். அப்படிப்பட்ட மனுஷன் இப்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே யாரோடோ முணுமுணுக்கிறார்!

போதாக்குறைக்கு எதிர்வீட்டு வள்ளிக்கண்ணு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. திக்குவாய் ராஜா கதைன்னு ஒரு சரித்திரப் படம் ஓடுதே, அந்தத் தியேட்டர் வாசல்ல இன்னைக்கு மத்தியானம் அண்ணனைப் பார்த்தேன். துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டு ஒரு பொண்ணும் கூட இருந்துச்சு."

தப்பாக எடுத்துக்கொள்ளட்டும் என்றுதானே அவள் படியேறி வந்ததே!

"மத்தியானம் எங்க போனீங்க?" என்று சாயங்காலம் கேட்டாள் மகாலட்சுமி.

"க... க..."

"கடையிலயா?"

அவர் தலையாட்டினார். பொய்யைக்கூட இவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மகள் யாழினிக்கு நிச்சயதார்த்தம். பெண்ணைக் கொடுக்கிறேன் என்று தாம்பூலத் தட்டை ஏந்திச் சபையில் சொல்ல வேண்டியவர் பெண்ணைப் பெற்றவர். இவருக்கு வாய் வராதென்று தம்பி அழகிரியை ஏற்பாடு செய்துவிட்டு இவள் அலைகிறாள். இவருக்கோ சினிமா கேட்கிறது, அதுவும் ஜோடியாக!

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பியதும் பின்னாலேயே ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தாள். அம்மா மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். படித்துறையில் பூவரசன் காவிரியைப் பார்த்து நின்றார். கீழ்ப்படியில் துப்பட்டா போட்ட பெண், மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ச... சபையோரே!" படத்து ராஜா மாதிரியே கையை உயர்த்தினார். "எ... என் மகள் யா..."

நின்றுவிட்டது. அந்தப் பெண் அவசரப்படவில்லை. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. பொரி தீரும்வரை காத்திருந்தாள்.

"...யாழினியை உங்க வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதம்."

கைதட்டிக்கொண்டே அவள் துப்பட்டாவை விலக்கினாள். யாழினியேதான்.

மகாலட்சுமி வெளியே வந்தாள். "என்கிட்ட ஏன்டி மறைச்சீங்க?"

"நீ பக்கத்துல இருந்தா அப்பாவுக்குப் பேச்சே வராதும்மா. அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ முடிச்சிடுற."

"அ... அ..." என்றார் பூவரசன்.

"அப்படியெல்லாம் இல்லைன்னுதானே சொல்ல வர்றீங்க?"

"அ... அவ சொல்றது நிஜம்."

இத்தனை வருஷமும் உதவி என்று நினைத்துத்தான் செய்தாள். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை, அழகிரி எழுந்ததும் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பூவரசன் தட்டை ஏந்தினார்.

"எ... என் மகள் யா... யா..."

சபை மொத்தமும் மகாலட்சுமியைத் திரும்பிப் பார்த்தது. பெயர் அவள் நுனிநாக்கில் நின்றது. பூவரசனும் பார்த்தார். இப்போது சந்தேகம் அவர் கண்ணில் இருந்தது.

அவள் வரவேற்புத் தட்டிலிருந்து ஒரு கை கற்கண்டை அள்ளி வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பின.

பூவரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மகள் பெயரைச் சொன்னார்.