அரைச் சுற்று

கார்புரேட்டர் வாயிலிருந்து கிளம்பிய நெருப்பு உப்பிலியின் இடது புருவத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. ஈரச் சாக்கோடு பக்கத்தில் தயாராக நின்றிருந்த தாண்டவராயன், பதற்றத்தில் அதை எஞ்சின்மேல் போடாமல் உப்பிலியின் தலையில் போட்டுவிட்டார். காலைவரை சங்கரா மீனுக்கு மேல் கிடந்த சாக்கு அது.

"பத்திக்கிச்சா அண்ணாத்த?"

"எஞ்சினைக் கேக்கறியா, என்னைக் கேக்கறியா?" என்றார் சாக்குக்குள்ளிருந்து உப்பிலி.

எஞ்சின் பற்றவில்லை. ஒரு பொருமல், ஒரு தும்மல், அப்புறம் மௌனம். காலையிலிருந்து இதே கதைதான்.

அறுபதுகளில் செய்த பியட் அது. கடப்பாக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் காரை விலை பேச, அணுபுரத்திலிருந்து அணுமின் நிலையப் பொறியாளர் உப்பிலியும், கடப்பாக்கத்திலேயே ஐஸ் ஷெட்டும் இரண்டு படகும் வைத்திருந்த தாண்டவராயனும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். யார் எடுப்பது என்று அரைமணி நேரம் முறைத்துக்கொண்டபின் கூட்டாகவே வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உப்பிலி கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வருவார். ஐஸ் ஷெட்டின் பின்பக்கம் இருவருமாக எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டினார்கள். மீன் தொடாத குடும்பத்தில் பிறந்த உப்பிலி, குளிக்காமல் வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது மட்டுமே மனைவி செங்கமலம் போட்ட நிபந்தனை.

இப்போது தாண்டவராயனின் மகள் ஷீலாவுக்குக் கல்யாணம். அப்பா பூட்டிய காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று அவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அழைப்பிதழின் மூலையில் காரின் படம்கூடப் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தார்கள். நீலப் பொறி அழகாகத் தெறித்தது. உப்பிலி அதை ரசித்துக் குனிந்தபோது தாண்டவராயன் இன்னொரு தடவை செல்ஃபைத் தட்ட, கரண்ட் உப்பிலியின் முழங்கைவரை போய்த் திரும்பியது. காற்று அழுத்தமும் குறைவில்லை. எல்லாம் இருந்தும் வண்டி மட்டும் கிளம்பவில்லை. அடித்து அடித்துப் பேட்டரியும் படுத்துவிட, அதைச் சார்ஜ் போடச் செய்யூருக்கு அனுப்பினார்கள்.

"அணுவோட மல்லுக்கட்ற ஆளு கையில ஒரு பியட்டு கிளம்ப மாட்டேங்குதே," என்று வேலி ஓரம் நின்ற ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அது உப்பிலிக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சட்டென்று உறைத்தது. நாலு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று திரும்பி உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் பற்றவைக்கச் சொல்லிக் காத்திருக்கும்போது கரண்ட் வேறு பிளக்குக்குப் போகிறது. அந்தப் பாகத்தை இறக்கிய நேரத்தில் செங்கமலத்தின் போன் வந்து அவர் வெளியே போயிருந்தார். ஆக, மாட்டியது தாண்டவராயன்தான்.

சொல்லலாமா? பெண் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிற மனிதன். போதாததற்கு ரோஷக்காரன். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினை எல்லாம் கிளப்பியவன் என்று பேர் வாங்கியவன். அவனிடம் போய், நீதான் தப்பாக மாட்டினாய் என்று எப்படிச் சொல்வது?

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடப்பாக்கம் போனார். தாண்டவராயன் பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். உப்பிலி முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் துணியைத் திணித்து, முன்னால் வந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அழுத்தம் ஏறித் துணி டப்பென்று பறந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், நினைத்தது சரி. உள்ளேயிருந்த முள் நேர் எதிர்ப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. தூக்கி, அரைச் சுற்று திருப்பி, இறக்கினார். பேட்டரி இல்லாததால் கிளப்பிப் பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவ்வளவு நிச்சயம். செங்கமலத்திடம் மட்டும் சொன்னார். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பேட்டரி வந்தது. கல்யாண வீட்டுக்கு உதவியாகச் செங்கமலமும் வந்திருந்தாள். ஷெட்டில் இரண்டு ஆண்களும் என்றும் இல்லாத மரியாதையோடு நடந்துகொண்டார்கள்.

"நீயே கிளப்பு தாண்டவம். உன் பொண்ணு கல்யாணம்."

"நீ குந்து அண்ணாத்த. உன் கையி ராசியான கையி."

"இன்னிக்குக் கிளம்பிடும், பாரேன்."

"கிளம்பாம எங்க போவுது? எனுக்குத் தெரியும்."

உனக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே உப்பிலி செல்ஃபைத் தட்டினார். ஒரு பொருமல், ஒரு தும்மல். வலது புருவம் தப்பித்தது, அவர் உள்ளே உட்கார்ந்திருந்ததால்.

உப்பிலி இன்னொரு தடவை தட்டினார். அதே தும்மல். நிமிர்ந்து பார்த்தால், தாண்டவராயன் முகம் அவர் முகத்தைவிடத் தொங்கியிருந்தது. கணக்குத் தப்பியது தனக்கு. இவன் ஏன் இப்படி இடிந்து போகிறான் என்று அவருக்குப் புரியவில்லை.

"இதுக்கு மேல நம்மளால ஆவாது," என்றார் தாண்டவராயன் மெதுவாக. "ஷீலாவாண்ட நா சொல்லிக்கிறேன்." கண்ணைத் துடைத்த கை ஆயிலை மூக்குவரை இழுத்துவிட்டது. படித்த படிப்பெல்லாம் பொய்யோ என்று உப்பிலி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெண்கள் இருவரும் வந்தார்கள். வரும்போதே செங்கமலம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தாண்டவராயனின் மனைவி ஜெகதாம்பாள் கையில் பாதி உரித்த வெங்காயம்.

"மாமி, நீங்களே சொல்லுங்க," என்றாள் ஜெகதாம்பாள்.

"நீ சொல்லு ஜெகதா. உங்காத்து விஷயம்."

"சாரு ஏதோ ஒரு சாமான அர சுத்து திருப்பிப் போட்டுட்டாராம். சொன்னா மனசு நொந்துக்குவாருன்னு, எங்க வூட்டுது விடிகால எழுந்து வந்து நாலு ஒயரையும் எதிரும் புதிருமா மாத்திச் சொருவிட்டு ஒண்ணுந்தெரியாத மாதிரி குந்திகினு கீது."

உப்பிலி காரை விட்டு இறங்கினார். "நான் மாட்டலையே. நீதானே மாட்டினே?"

"நா எங்க மாட்னேன்? நா அன்னிக்கு ஐஸ் வண்டியாண்ட போய்கினு இருந்தேன்."

"நான் போன்ல இருந்தேன்."

இருவரும் எஞ்சினைப் பார்த்தார்கள், அது தானே மாட்டிக்கொண்டதோ என்பதுபோல. பிறகு உப்பிலி தான் ரகசியமாக வந்து திருப்பியதைச் சொன்னார். ஒரு தப்பை ஆளுக்கொரு தடவை சரிசெய்து, மறுபடி தப்பாக்கியிருந்தார்கள். தாண்டவராயன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து ஒயர்களைப் பிடுங்கப் போனார். அதே நேரம் உப்பிலி ஸ்பானரோடு டிஸ்ட்ரிபியூட்டர்மேல் குனிந்தார்.

"யாராவது ஒருத்தர் மட்டும் செய்யுங்கோ," என்றாள் செங்கமலம். உப்பிலியின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு அவரைச் சீட்டில் உட்காரவைத்தாள்.

தாண்டவராயன் நாலு ஒயரையும் பழையபடி மாற்றினார். உப்பிலி பெருமாளை நினைத்துக்கொண்டு தட்டினார். முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர, நீலப் புகை பின்பக்கம் குபுகுபுவென்று கிளம்ப, வெளியே காய்ந்துகொண்டிருந்த நெத்திலிமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒட்டுமொத்தமாக எழும்பின. தாண்டவராயன் உப்பிலியை ஜன்னல் வழியாகவே கட்டிக்கொண்டார்.

மறுநாள் ஷீலாவைப் பின்சீட்டில் வைத்து உப்பிலிதான் மண்டபத்துக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஜனம் கை காட்டியது. மண்டபத்து வாசலில் பெண்ணை இறக்கிவிட்டபின் எஞ்சினை நிறுத்த இருவருக்குமே தைரியம் வரவில்லை. சாயங்காலம் ஊர்வலம் வேறு இருந்தது. நிறுத்தி, மறுபடி கிளம்பாவிட்டால்?

"நீ போ தாண்டவம். நான் பாத்துக்கறேன்," என்றார் உப்பிலி.

அப்படித்தான், ஆக்சிலேட்டரில் கால் வைத்தபடி, பட்டு வேட்டியோடு அவர் காரிலேயே இருந்து கெட்டிமேளத்தைக் கேட்டார். சத்தம் வந்த திசையில் ஒரு பிடி அட்சதையைக் கண்ணாடி வழியாக எறிந்தார். அது எதிரே நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரன்மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் செங்கமலம் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து நீட்டினாள். அவள் பின்னாலேயே, தாரை வார்த்த ஈரக் கையோடு, மாலை ஒரு பக்கம் தொங்கத் தாண்டவராயன் ஓடி வந்தார்.

"ஓடிகினு கீதா?"

"கீது, கீது," என்றார் உப்பிலி. "நீ போய் மாப்பிள்ளை பக்கத்துல நில்லு."