வாசுகியின் வண்டிக்குப் புது பெல்ட்

வாசுகிக்கு மாற்றல் கிடைத்த செய்தி சாப்பிடும்போதுதான் ரூபேந்திரனுக்குத் தெரிந்தது. வடக்கே தொலைவில் உள்ள சுங்கை சிப்புட்டில், அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை வேலை. அவனிடம் சொல்லாமலே மனுப் போட்டிருந்தாள்.

“எப்பப் போகணும்?”

“ஞாயித்துக்கிழமை காலையில. திங்கக்கிழமை பள்ளியில இருக்கணும்.”

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை கவின், போன மழைக்காலத்தில் டிங்கிக் காய்ச்சலில் இறந்துபோனான். ஆறு வயது. அதற்குப் பிறகு குளுவாங்கில் இருந்த அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வாழப் பழகிக்கொண்டார்கள். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று அவள் இரண்டொரு முறை சொன்னாள். அவன் எழுந்து போய்விட்டான்.

“வண்டியிலயா போற?” என்றான் கடைசியில்.

“ஆமா.”

“அந்தப் பழைய வீரா காருலயா? அது தண்ணி ஒழுகுது. டைமிங் பெல்ட் மாத்தியும் ரொம்ப வருஷமாச்சு. ஹைவேயில அறுந்துச்சுன்னா இன்ஜினே போயிரும், வாசு.”

“நாளைக்கு பெங்கேல்ல விட்டு ரிப்பேர் பண்ணிடறேன்.”

“வேணாம். நானே பண்றேன்.”

ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவன் ஃபிட்டர். பம்புகளைக் கழற்றி மாட்டுவது அன்றாட வேலை. கார் இன்ஜினைத் திறந்ததுதான் குறைவு. பெல்ட்டும் தண்ணீர் பம்பும் வாங்கி வந்து, சனிக்கிழமை விடிந்ததும் போர்ச்சில் வண்டியை ஜேக் போட்டுத் தூக்கினான். முன்சக்கரத்தைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் வடித்துவிட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து முட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு மூடியாகக் கழன்று வர, உள்ளே பெல்ட் தெரிந்தது. மடித்துப் பார்த்தான். பற்களின் அடியில் எல்லாம் வெடிப்பு. பம்பின் தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. கீழே துருவும் பச்சை நீரும் வழிந்து காய்ந்திருந்தன.

வீட்டுக்குள் அவள் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பழைய பம்பைக் கழற்றிக் கீழே வைத்ததும் அவன் வேலையை நிறுத்திவிட்டான். கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து கூப்பிட்டான்.

“வாசு, கடைக்காரன் பம்பு மாத்திக் குடுத்துட்டான். இந்த வண்டிக்கு இது சேராது. மத்தியானமாச்சு, கடைய மூடியிருப்பாங்க, திங்கக்கிழமைதான் மாத்த முடியும்.”

அவள் வெளியே வந்தாள். பேப்பர் மேல் கிடந்த பழைய பம்பையும் பெட்டியில் இருந்த புதியதையும் எடுத்தாள். இரண்டையும் முகத்தோடு முகம் பொருத்திப் பார்த்தாள். போல்ட் துளைகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

“ரெண்டும் ஒண்ணுதானே,” என்றாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் பிடிபட்டுவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் பம்புகளைக் கீழே வைத்துவிட்டு, கைலியைச் சற்று தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“எதைப் பிடிக்கணும்? சொல்லுங்க.”

இன்ஜினில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை அவன் சுரண்டினான். அவள் டார்ச் அடித்தாள். புதுப் பம்பு உட்கார்ந்தது. பெல்ட்டை மாட்டும்போது மேல் பல்சக்கரத்துக் குறியும் கீழ்ப் பல்சக்கரத்துக் குறியும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். அவளிடம் நீளமான ஸ்பானரைக் கொடுத்து மெதுவாகத் திருப்பச் சொன்னான்.

“ரெண்டு சுத்து. அவசரம் வேணாம். எங்கயாச்சும் தட்டுற மாதிரி இருந்தா நிறுத்திடு.”

இரண்டாவது சுற்று முடிந்தபோது மேல் குறி ஒரு பல் தள்ளி நின்றது.

“தப்பா?”

“ஒரு பல்லு தள்ளிருச்சு. திரும்பக் கழட்டணும்.”

மழை வரும்போல் இருண்டிருந்தது. அவன் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரைத் தளர்த்திக்கொண்டிருக்கையில், அவள் ஸ்பானரைக் கையில் வைத்தபடியே பேசினாள்.

“எனக்கு இந்த வீட்டுல அவன் குரலே கேக்கலைங்க. கேக்கும் கேக்கும்னு இருந்து பாத்தேன். எல்லா ரூமும் சும்மா கெடக்கு. அதான் என்னால முடியல.”

அவன் கை நின்றது. ஒரு வருஷத்தில் அவர்கள் கவினைப் பற்றிப் பேசுவது அதுதான் முதல் தடவை.

“எனக்குக் கேக்குதே,” என்றான். “தெனமும் கேக்குது. நான் எப்பிடி வாசு வர்றது?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. கிரீஸ் பட்ட புறங்கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“இத முன்னமே சொல்லியிருக்கலாம்ல,” என்றாள்.

“சொல்லியிருந்தா?”

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். “தெரியல. போயிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்.”

பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்கள். அவள் இரண்டு சுற்று திருப்பினாள். இந்த முறை குறிகள் நேராக நின்றன. மூடிகளையும் சக்கரத்தையும் மாட்டி, ரேடியேட்டரில் புதுத் தண்ணீர் ஊற்றி, அவளையே ஸ்டார்ட் செய்யச் சொன்னான். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அடியில் படுத்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. அப்படியே படுத்திருந்தான். “என்னாச்சு?” என்று அவள் மேலிருந்து கேட்ட பிறகுதான் வெளியே வந்தான்.

மறுநாள் காலை பெட்டிகளை அவனே காரின் பின்பக்கப் பூட்டில் அடுக்கினான். ஆயர் ஈத்தாம் போய் நெடுஞ்சாலை ஏறும் வழி அவளுக்குத் தெரியும். இருந்தும் சொன்னான். அவளும் தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டாள். ஏறும்போது அவன் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள். நகங்களுக்குள் இன்னும் கறுப்பு இருந்தது.

அவள் போனதும் பூனைகள் நக்கிச் செத்துவிடாதபடி போர்ச்சில் சிந்தியிருந்த ரேடியேட்டர் கூலண்டைச் சோப்புப் போட்டுக் கழுவினான். முற்பகலில், வழியில் நெடுஞ்சாலையோரச் சிரம்பான் ஓய்விடத்திலிருந்து அவள் கூப்பிட்டாள்.

“வண்டி நல்லா ஓடுதுங்க. சூடு ஏறல.”

“தண்ணி பாத்தியா?”

“ஆறட்டும், பாக்கறேன்.”

“சூட்டோட மூடியத் தொறந்துடாத.”

“ம்.”

பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. இருவரும் போனை வைக்கவில்லை.

“லீவுக்கு வருவியா?” என்றான்.

“அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடாதீங்க. நீங்க வாங்க.”

பார்த்து ஓட்டு என்றான்.

மாலையில், வந்து சேர்ந்துவிட்டேன் என்று செய்தி வந்தது. சரி என்று பதில் போட்டான். இன்னும் ஏதாவது எழுதலாம் என்று தொடங்கி, அழித்தான். மழை பிடித்துக்கொண்டது. கேட்டைப் பூட்ட வெளியே போனான். போர்ச்சில் அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் ஓரமாக நின்றது. அதை அவள் வண்டி நின்ற நடு இடத்தில் தள்ளி வைக்கலாமா என்று பார்த்தான். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான்.