யூனியன்வில் வைரவர்

பன்னிரண்டு வருடமாக வேரோனிக்கா ரொறன்ரோவைச் சுற்றி மண் கிண்டிக்கொண்டிருந்தாள். புது வீடுகள் கட்டுமுன் நிலத்துக்கடியில் பழையது ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கொம்பனி ஒன்றில் அகழாய்வாளர் வேலை. கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணி, உடைந்த பீங்கான், யாரோ ஒரு கமக்காரன் உழும்போது தொலைத்த காற்சட்டைப் பொத்தான். ஒருமுறை ஒஷாவாவில் நல்ல கண்ணாடிப் போத்தல் ஒன்று கிடைத்தது. அதுவும் அவள் பெயரில் வரவில்லை. பொருளைக் கைப்படத் தூக்குகிறவர் பெயரில்தான் அறிக்கை எழுதுவது அங்கே வழக்கம். அவளுடைய மேலாளர் லெஸ்லி நாள் முழுக்கக் காருக்குள் கோப்பி குடித்துவிட்டு, தூக்குகிற நேரம் பார்த்துக் கையுறையோடு வந்து நிற்பார். அப்படி ஒரு மூக்கு அந்த மனிதருக்கு.

லெஸ்லி லீவில் போயிருந்த ஒரு சனிக்கிழமை யூனியன்வில்லில் இருந்து இராஜரட்ணம் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி, யாரிடமோ இலக்கம் வாங்கி அவளை அழைத்தார். "பிள்ளை, பின்வளவில மரத்தால டெக் போடக் கிடங்கு வெட்டினன். எழுத்து வெட்டின கல்லொண்டு வந்தது. மனிசி அதை வைரவராக்கிப்போட்டா. கெதியா வாங்கோ."

அன்றைக்கு வேரோனிக்கா சிவப்பு விளக்குகளை அவ்வளவாக மதிக்கவில்லை.

கல் ஒரு முழ உயரம். வேலியோரம், செங்கல் மேல், கிழக்குப் பார்த்து இருந்தது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் டொலர் கடைப் பிளாஸ்ரிக் மாலை, உச்சியில் இருந்த சின்னக் குழியில் கற்பூரக் கரி. அந்தக் குழியைக் கண்டதும் அவள் புல்லில் மண்டியிட்டாள். ரோமர்களின் பலிபீடம்! குழி, படையலை எரிக்கிற இடம். ரோமர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் அங்கே வைத்தது. இந்த வளவு ஒருகாலத்தில் ஓர் ஆங்கிலேயக் கமக்காரனுடையது. கப்பலேறும்போது தோட்டத்துக்கு அழகாக இருக்குமென்று கூடவே தூக்கிவந்திருப்பான். அவர்கள் தூக்காமல் விட்டது எது?

தேய்ந்த எழுத்தை வாசிக்க ஆய்வுகூடத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் படாத பாடு படவேண்டும். இராஜரட்ணத்தின் மனைவி கமலாம்பிகையோ மூன்று வாரமாகத் திருநீற்றை அள்ளி அப்பியிருந்தார். பள்ளமெல்லாம் வெள்ளையாகி, லத்தீன் எழுத்து கடைப் பெயர்ப்பலகை போலப் பளிச்சென்று தெரிந்தது. தெய்வத்தின் பெயர் இருந்த முதல் வரி மட்டும் உடைந்திருந்தது. வேரோனிக்கா படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். அது கொம்பனி விதி, தப்ப முடியாது.

"மனிசி கோயிலுக்குப் போட்டா. இப்பவே ஏத்துங்கோ, வந்தாப்பிறகு விடமாட்டா," என்றார் இராஜரட்ணம். "செவ்வாய்க்கிழமை எனக்குப் பயப்சி றிசல்ட், கான்சரோ இல்லையோ எண்டு. நல்லதா வந்தா இவருக்குப் பொங்கிப் படைக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறா. கல்லுக்கு! நான் சாகிறதெண்டா கல்லே மறிக்கப்போகுது?"

வேரோனிக்கா காரிலிருந்து தள்ளுவண்டியை இறக்கிவிட்டாள். பொய் சொல்வானேன், ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"உதில என்ன எழுதியிருக்கு, பிள்ளை?"

"ஒரு படைவீரன் வைச்ச கல் அங்கிள். மனிசி வருத்தமாக் கிடந்திருக்கிறா. சுகம் வந்தாக் கல்லு வைக்கிறன் எண்டு நேர்த்தி. சுகம் வந்திட்டுது. சந்தோசமா நேர்த்தியைத் தீர்க்கிறன் எண்டு எழுதியிருக்கிறான்."

இராஜரட்ணம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தை வேலிப் பக்கம் திருப்பினார். மனிதருக்கு உள்ளூரப் பயம். மூன்று வாரமாக அதைப் பகிடியால் மூடிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"செவ்வாய் மட்டும் இருக்கட்டும் பிள்ளை," என்றார். "அவ பாவம்."

செவ்வாய்க்கிழமை லெஸ்லி வந்துவிடுவார். இந்தக் கல்லும் வேரோனிக்காவின் பெயரில் வராது. தள்ளுவண்டியை மறுபடி காரில் ஏற்றினாள்.

றிசல்ட் நல்லதாக வந்தது. நேர்த்தி முடிந்தபின், நல்ல இடத்தில் வைப்பதென்றால் கொண்டுபோகலாம் என்று கமலாம்பிகையும் சம்மதித்தார். புதன்கிழமை காலை லெஸ்லி வேரோனிக்காவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் பன்றியிறைச்சி வைத்த பேக்கன் சான்ட்விச் இரண்டு வாங்கி, ஒன்றை அவளிடம் நீட்டினார். தோற்றதுதான் தோற்றாயிற்று, வயிற்றை ஏன் வஞ்சிப்பான் என்று அவளும் சாப்பிட்டாள்.

பொங்கி, படைத்து, தேவாரம் பாடி முடித்து, "இனி எடுங்கோ" என்றார் கமலாம்பிகை. லெஸ்லி கையுறையை மாட்டினார்.

"நில்லுங்கோ! பிள்ளை, உவர் இண்டைக்கு மச்சம் சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ."

இறைச்சி, மீன் ஏதும் சாப்பிட்டீர்களா என்று வேரோனிக்கா ஓர் எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தாள். உபசரிக்கப்போகிறார்களாக்கும் என்று நினைத்த லெஸ்லி, வயிற்றைத் தடவி, "பேக்கன்!" என்றார் முகம் மலர. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அவர் தொடக்கூடாது. நீங்கள்?"

வேரோனிக்கா கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினாள். பல்லிடுக்கில் இன்னும் பன்றி இருந்தது.

"புதன்கிழமையில நான் மச்சம் தொடுறேல்லை அன்ரி."

வீட்டுக்காரர் விடாமல் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொட லெஸ்லிக்கு அதிகாரமில்லை. வேரோனிக்கா முழங்காலை மடித்து, யேசுவே என்று மனதுக்குள் கூப்பிட்டு, வைரவரைத் தூக்கினாள். இடுப்பு நாரி முறியப் பார்த்தது. இராஜரட்ணம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பதிவுத்தாளில் அவளுடைய கையெழுத்து விழுந்தது. லெஸ்லி கையுறையைக் கழற்ற மறந்து பொங்கல் தட்டோடு நின்றார்.

கமலாம்பிகை கண் கலங்கக் கார்வரைக்கும் பின்னால் வந்தார். "பிள்ளை, அந்தக் காலத்தில இவருக்கு என்ன படைச்சவை? நான் சக்கரைப் பொங்கல்தான் வைச்சனான். குறையேதும் வந்திடாதே?"

அந்தக் குழியில் எரிந்தது ஆடு, மாடு, விசேடமாகப் பன்றி. அங்கே நின்றவர்களில் அந்தத் தெய்வத்துக்குப் பிடித்ததை வயிற்றில் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்தான். வேரோனிக்கா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பாலும் தேனும் அன்ரி," என்றாள். "உங்கட பொங்கல் மாதிரித்தான்."

பன்றி அறிக்கையில் வரும். ஏழாம் பக்கத்தில், இங்கிலீசில், அவளுடைய பெயரில்.