நாலு முர்கே

காலனி சங்கம் அந்த வருஷம் வீடு வீடாகக் கொடுத்த படிவத்தில் ஏழாவது கேள்வி: வளர்ப்புப் பிராணிகள் உண்டா, உண்டென்றால் என்னென்ன? நாய் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். பூனைக்காரர்கள் மூச்சே விடவில்லை. தரைத்தளத்துப் பதினான்காம் நம்பர் வீட்டுத் தர்மன் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நீல மைப் பேனாவால், அச்சடித்தது போன்ற இந்தி எழுத்தில் எழுதினார்: ஹமாரே பாஸ் சார் முர்கே ஹை. எங்களிடம் நாலு கோழி உண்டு என்று அர்த்தம், அவர் கணக்கில்.

முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் குப்பை கொட்டியவர். படிவம் என்று வந்தால் ஒரு கட்டத்தையும் காலியாக விட அவருக்குக் கை வராது. அதிலும் இந்திப் படிவம் என்றால் தனி உற்சாகம். ஊழியர்களுக்கு நடத்தும் இந்தித் தேர்வுகள் மூன்றையும் முதல் தடவையிலேயே தேறியவர் அவர். கடைசித் தேர்வின் சான்றிதழ் கூடத்துச் சுவரில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு விரல்கடை உயரத்தில் தொங்கியது.

அவர் மனைவி அருக்காணிக்கு அப்படிச் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. ஈரோட்டுப் பக்கமிருந்து இருபது வயதில் டெல்லிக்கு வந்தவள், ஆர்.கே.புரம் காய்கறி வண்டிக்காரர்களிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் காதால் கேட்டு இந்தி கற்றாள். பேச்சு தண்ணீர் மாதிரி ஓடும். ஆண்பால் பெண்பால் மட்டும் ஒட்டவே ஒட்டாது. மேசைக்கும் வீட்டுக்கும்கூட ஆண் பெண் பார்க்கிற பாஷையில் அவள் எல்லாவற்றையும் பெண்ணாக்கிவிடுவாள். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த செக்‌ஷன் ஆபீசரிடம், "மேரா பதி ரோஜ் ஜல்தி ஆபீஸ் ஜாதீ ஹை" என்றாள். என் புருஷன் தினமும் சீக்கிரம் ஆபீஸ் போகிறாள். அதற்கப்புறம் ஒரு மாதம், தர்மன் சாயங்காலம் பையைத் தூக்கினாலே செக்‌ஷன் முழுக்க, "தர்மன் ஜாதீ ஹை, தர்மன் ஜாதீ ஹை" என்று பாடியது.

அன்றிலிருந்து நாலுபேர் முன்னால் அவள் வாயைத் திறந்தால் தர்மன் பக்கத்தில் நின்று முணுமுணுப்பாகத் திருத்துவார். திருத்தித் திருத்தி, அவள் நாலுபேர் முன்னால் பேசுவதையே விட்டுவிட்டாள். அதை அவர் கவனிக்கவும் இல்லை.

அவள் காலமாகி இரண்டு ஆடி கடந்துவிட்டது. அவளைத் திருத்தியே பேசவிடாமல் செய்த கணக்கு அவருக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது.

கோழி விஷயம் இப்படி வந்தது. அரசுக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் முப்பத்தொரு வருஷம். ஓய்வு பெறும்போது எல்லோரும் லிஃப்ட் உள்ள வீடு, மெட்ரோ பக்கத்தில் வீடு என்று யோசனை சொன்னார்கள். அருக்காணி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, பொறத்தால கொஞ்சம் மண்ணு இருக்கற ஊடாப் பாருங்க. நாலு கோழி வெச்சுக்கறேன்."

கல்யாணமான நாளாக அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். பட்டு கேட்டதில்லை, பவுன் கேட்டதில்லை. அதனால்தான் தரைத்தளம், அதனால்தான் பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலைச் செடி, கம்பிவலைக் கூண்டு, நாலு நாட்டுக்கோழிகள். அவர் வேலை பார்த்த கட்டிடங்களின் பெயரையே அவற்றுக்கு வைத்தாள்: கிருஷி, உத்யோக், நிர்மாண், ரயில். காலையில் தவிட்டுக் கிண்ணத்தோடு நின்று, "ஏ ரயிலு! லேட்டாத்தான் வருவியா நீ?" என்று அவள் அதட்டுவது பின்வீடு வரைக்கும் கேட்கும்.

படிவங்களைத் தொகுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பதினான்காம் நம்பர்: சார் முர்கே. அவ்வளவுதான். மூன்றாம் நாள் இரண்டாவது மாடி சப்பர்வால் ஒரு மனு கொடுத்தார். நாலு சேவல்கள் விடியற்காலையில் கூவிக் கூவித் தன் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று. கீழே பதினோரு கையெழுத்து. காலனிக்குள் கோழி வளர்ப்புக்குத் தடை, ஏழு நாளில் அப்புறப்படுத்த வேண்டும் என்ற தீர்மானம் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவுக்கு வருவதாக இருந்தது.

சங்கத் தலைவர் கிருஷ்ணபிரசாத் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டை என்ற சொல்லைக்கூடச் சாப்பாட்டு நேரத்தில் காதில் வாங்காதவர். தர்மனை வாசலில் பார்த்து, "என்னய்யா தர்மன், அந்த ஒரு லைன் எழுதாம விட்டிருந்தா இவ்வளவு வந்திருக்குமா? உம்ம ஒழுங்குதான் உமக்குச் சத்ரு" என்றார்.

"உண்மையத்தான எழுதினேன் சார்."

வீட்டுக்கு வந்தால் அருக்காணி கூண்டுக்குள் சாம்பல் தூவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "ஏழு நாள்ல எங்கீங்க கொண்டுபோய் உடறது? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல உட்டா அன்னைக்கே தராசுல ஏத்திருவானுங்க."

"நான் பேசறேன். நீ கவலைப்படாத புள்ள."

பேசினார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய உரை. 'மாண்புமிகு தலைவர் அவர்களே' என்று சுத்த இந்தியில் ஆரம்பித்து, நகரமும் இயற்கையும், குடிமகனின் கடமையும் உரிமையும் என்று போனது. இடையிடையே 'முர்கே' வந்தது. வரும்போதெல்லாம் நாற்காலிகளில் ஒரு கிளுகிளுப்பு. தன் சொல்வன்மைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று தர்மன் நினைத்தார்.

பக்கத்திலிருந்த அருக்காணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, முர்கேன்னா சேவலுங்க."

"உனக்குத் தெரியாது. ஒண்ணுன்னா முர்கி, நாலுன்னா முர்கே. பன்மை. பேசாம இரு."

"பொட்டை நாலுன்னா 'முர்கியான்'னு சொல்லுவாங்க. கோழிக்காரன் அப்பிடித்தான சொல்றான்."

"கோழிக்காரன் பரீட்சை எழுதினானா?"

உரை முடிந்தது. சப்பர்வால் எழுந்தார். "மேலும் பேச என்ன இருக்கிறது? அவரே சொல்லிவிட்டார், நாலு சேவல் என்று. இன்று காலையும் கூவியது. நாலே முக்காலுக்கு. என் மனைவியைக் கேளுங்கள்." பல தலைகள் ஆடின. கூவியது, கூவியது. கிருஷ்ணபிரசாத் தீர்மானக் காகிதத்தைக் கையில் எடுத்தார். கை தூக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அப்போது அருக்காணி எழுந்தாள்.

தர்மன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அறுபது எழுபது பேர். செக்‌ஷனே பாடிய அந்தப் பாட்டு காதில் வந்தது. உட்காரு என்று முந்தானையைப் பிடிக்கப் போனார். அவள் அதற்குள் மேசை வரைக்கும் போய்விட்டாள். ஒயர் கூடையிலிருந்து எவர்சில்வர் டப்பா எடுத்தாள். டப்பாவிலிருந்து, தவிட்டுத்தூள் ஒட்டிய ஒரு முட்டையை எடுத்து, தலைவரின் மினிட்ஸ் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

கிருஷ்ணபிரசாத் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அம்மா, அம்மா! ரெஜிஸ்டர் மேலயா!"

அருக்காணி அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"பாய் சாப், முர்கா அண்டா தேதீ ஹை க்யா?"

சேவல் முட்டை போடுவாளா? 'தேதா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தேதீ'. சேவலைப் பெண்ணாக்கிவிட்டாள். முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பின்வரிசை வரைக்கும் பரவியது. தர்மனின் உதடு பழக்கத்தில் 'தேதா' என்று குவிந்தது. குவிந்தபடியே நின்றது. ஏனென்றால் இந்தச் சிரிப்பு செக்‌ஷன் சிரித்த சிரிப்பு இல்லை. அவள் கேட்டது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவளுடைய இந்தியில் தொடர்ந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என்கிட்ட இருக்கறது நாலும் பொட்டை. நாலும் முட்டை போடுது. பொட்டைக்கோழி விடியக்காலம் கூவாது, அதுக்கு அந்த வேலை கிடையாது. எங்க வீட்டுல முர்கா ஒண்ணே ஒண்ணுதான். இதோ, கட்டம் போட்ட சட்டை போட்டுட்டு உக்காந்திருக்குது. அது காலைல அஞ்சு மணிக்குக் காப்பி கேட்டுக் கூவும். அதுக்கும் தடை போடணும்னா போடுங்க, எனக்கும் தூக்கம் மிச்சம்."

சப்பர்வாலின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சப்பர்வால் விடவில்லை. "அப்படியென்றால் நாங்கள் கேட்டது என்ன? கனவா?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் பையா, சாக்கடை தாண்டி. அந்தச் சேவல் நாங்க குடி வர்றதுக்கு முன்னாடியே இருக்குது. இத்தனை வருஷம் கூவிச்சு, உங்க காதுல விழல. நோட்டீஸ் பார்த்த அன்னைக்குத்தான் விழுந்துது."

கிருஷ்ணபிரசாத் முட்டையை ஒரு காகிதத் துண்டால் ஓரமாகத் தள்ளிவிட்டு, படிவத்தை உயர்த்திப் பிடித்தார். "ஒரு விஷயம். இங்கே கையெழுத்துப் போட்ட தஸ்தாவேஜில் நாலு முர்கே என்று இருக்கிறது. தஸ்தாவேஜை நம்புவதா, அம்மா சொல்வதை நம்புவதா?" பிறகு தமிழில், "சொல்லும் தர்மன். நீர்தானே எழுதினது?"

தர்மன் எழுந்து நின்றார். சுவரில் தொங்கும் சான்றிதழ் கண்ணில் வந்தது. மூன்று தேர்வு, முதல் தடவை. எழுபது பேருக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகி, கூண்டு கழுவ நிற்கிற மாதிரி. அவர் திருத்தப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவரைச் சுட்டது.

"தஸ்தாவேஜ் தப்பு சார்" என்றார் இந்தியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எழுதியது நான். இந்தி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். என் மனைவி சொல்வதுதான் சரி. முர்கியான்."

சப்பர்வால் அடுத்து நாற்றம் என்றார், நோய் என்றார். மேல்வீட்டு அனந்தலக்ஷ்மி எழுந்தாள். வெங்காயமே பாதி நாள் சேர்க்காதவள். "அந்தக் கூண்டுக்கு நேர் மேலதான் என் படுக்கையறை ஜன்னல். நாத்தம் வந்தா முதல்ல எனக்குன்னா வரணும்? தினம் சாம்பல் போடறா, ஒரு நாள் தப்பினது கிடையாது. இந்தக் கார் பார்க்கிங்கை அவகிட்ட ஒரு வாரம் ஒப்படைச்சுப் பாருங்கோ, அப்புறம் சுத்தத்தைப் பத்திப் பேசலாம்." அதையே இந்தியிலும் சொன்னாள், இன்னும் காரமாக.

கை தூக்கினார்கள். தடைக்குப் பதினெட்டு. எதிராக நாற்பத்தொன்று. மனுவில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் நாலு பேர் கைமாறியிருந்தார்கள். சப்பர்வாலின் மனைவி அதில் ஒருத்தி. வீட்டுக்கு நாலு பெட்டைக்கோழி வரை வைக்கலாம், சேவல் கூடாது, அனுமதி வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று திருத்திய தீர்மானத்தைக் கிருஷ்ணபிரசாத் எழுதிக்கொண்டார். அனுமதி யார் பெயருக்கு என்று கேட்டார்.

"அவ பேருக்கு" என்றார் தர்மன்.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஏனுங்க, நான் பேசுனதுல எத்தனை தப்பு?" என்று கேட்டாள்.

"எண்ணலை புள்ள."

"பொய் சொல்லாதீங்க. எண்ணாம இருந்திருக்க மாட்டீங்க."

எண்ணத்தான் செய்தார். முதல் நாலைந்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. அதைச் சொன்னபோது அவள் தெருவென்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. காலனிப் பெண்களுக்குக் கூண்டு அடித்துக் கொடுத்தாள், கவுன்சிலர் வந்தபோது மதில் ஓரத்துச் சாக்கடையைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்டாள், மலை மந்திர் முருகன் கோயில் படியில் வழி தவறிய வெளியூர்க்காரர்களுக்கு வழி சொன்னாள். எல்லாம் அதே இந்தியில். காலனியில் அவளுக்குப் பெயரே 'அண்டா தேதீ ஹை ஆன்ட்டி' என்றாகிவிட்டது. தர்மனை யாராவது புதிதாகப் பார்த்தால், "நீங்கள் அந்த ஆன்ட்டியின் கணவரா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்வதற்கு அவர் ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை. தீர்மானத்தின் நகல் ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு, சான்றிதழைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினார்.

இந்த வருஷம் அனுமதியைப் புதுப்பிக்கும் மாதம் வந்தது. அவள் இறந்த வருஷம் சங்கத்தார் சலுகையாகத் தாமாகவே நீட்டித்துவிட்டார்கள். இந்தத் தடவை விண்ணப்பம் வேண்டும் என்று ஆள் அனுப்பினார் கிருஷ்ணபிரசாத். தர்மன் நீல மைப் பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டு சங்க ஆபீசுக்குத் தானே போனார்.

கிருஷ்ணபிரசாத் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"தர்மன், 'என் மனைவி நாலு கோழி வளர்க்கிறாள்'ன்னு இருக்கு. 'ரக்தீ ஹை'. ஆண்பால் பெண்பால் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீர். ஆனா காலம், நிகழ்காலமா..."

"சரியாத்தான் இருக்குதுங்க சார்."

ஜன்னலுக்கு வெளியே பதினான்காம் நம்பர் பின்பக்கம் தெரிந்தது. கறிவேப்பிலைச் செடியடியில் ரயில், வழக்கம்போல் கடைசியாக, கிளறிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணபிரசாத் முத்திரையை மையில் அழுத்தி எடுத்தார். அருக்காணியின் பெயருக்குப் பக்கத்தில் பதித்தார்.