மூடாமல் விட்ட தொட்டி

அப்பாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில், தரையில், பக்கத்து வீட்டு டிரைவர். சவ வண்டி வருகிறதா என்று பார்க்க வசதியாக வாசற்படியில் சித்தப்பா. மகள் மட்டும் உட்காரவில்லை. மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியை முதுகால் மறைத்தபடி நின்றாள்.

தொட்டி நிறைய மணல். அதற்குள் புதைந்து வாழ்பவை அப்பா வளர்த்த காலில்லாப் பல்லிகள் இரண்டு. காலையில் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா சரிந்தார். தாங்க ஓடியவள் தொட்டியை மூட மறந்துவிட்டாள். சற்றுமுன் குச்சியால் கிளறிப் பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது.

“கொஞ்சம் உக்காரேன்மா, கால் கடுக்கலையா?”

“இருக்கட்டும் அத்தை.”

“அந்தப் பாம்புங்களை இன்னிக்கே அடிச்சுப் போடணும்,” என்றார் சித்தப்பா. “காலில்லாத பல்லியாம்! அப்போ நான் கொம்பில்லாத மாடா?”

“அதைத்தான்டா நாங்க எப்பவோ சொன்னோம்,” என்று மூக்கைச் சிந்தினாள் அத்தை.

மகள் அவற்றை ஒருநாளும் தொட்டதில்லை. “வாலைப் பிடிச்சிடாதே. கையை முன்னால வெச்சுட்டுக் காத்திரு, அதுவா ஏறும்,” என்று அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டும் கதவோரத்தைத் தாண்டி வந்ததில்லை.

அப்பாவின் கால்மேல் கிடந்த போர்வை அசைந்தது.

“அண்ணே!” என்று எழுந்துவிட்டாள் அத்தை. போர்வை ஓரத்தில் பழுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“பாம்பு! தள்ளு!” சித்தப்பா கதவுக் கட்டையை ஓங்கினார்.

காத்திருக்க நேரமில்லை. மகள் பாய்ந்து பிடித்தாள். பிடித்தது வாலை. வால் அறுந்து தரையில் விழுந்து துள்ளியது. டிரைவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். எல்லார் கண்ணும் அந்தத் துள்ளலில் இருக்க, சித்தப்பா அடித்தார், அடித்தார், ஓயும்வரை அடித்தார்.

போர்வைக்குள் நுழைந்திருந்த அவள் மறுகையில் மீதி உடல் சில்லென்று சுருண்டது. அதை முந்தானைக்குள் மறைத்து ஒரு கணம் பார்த்தாள். எந்தப் பாம்பாலும் முடியாதபடி, அது கண் சிமிட்டியது.

“ஒழிஞ்சுது,” என்றார் சித்தப்பா.

“ஆமா சித்தப்பா.” குரல் நடுங்காமல் வந்தது. முந்தானையைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் நகர்ந்தாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியான மாலையில், அப்பாவுக்கு அவற்றைக் கொடுத்த ஊர்வன ஆய்வாளருக்கு அவள் எழுதினாள்: ‘அப்பா இன்று காலமானார். இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஒன்றின் வால் என் கையில் அறுந்துவிட்டது. திரும்ப முளைக்குமா? மணலுக்கு எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும்?’

அப்பாவின் ஸ்ப்ரே பாட்டிலில் மிச்சமிருந்த நீரை விரலில் தொட்டு, உறையின் பசையை நனைத்து ஒட்டினாள். தொட்டி மூடியை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கடிதத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டாள்.