இருபது மூட்டை சிமெண்டு

சிம்பாங் ரெங்கம் ஊரில் லெட்சுமணன் வீட்டு ஹாலின் ஒரு மூலை உள்வாங்கிவிட்டது. டைல்ஸ் பிளந்து, காலை வைத்தால் டக்டக்கென்று ஆடியது. ஆவணி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில் மகள் ரூபினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் அந்தத் தரையைப் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும் என்று மனிதருக்குத் தூக்கமே இல்லை.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் கான்டிராக்டர் ஜெயபாலன் வந்து தரையைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நான் சொல்ற விலை ஏழு நாளைக்குத்தான். அடுத்த மாசம் சிமெண்டு ஏறுதாம். அதையாவது இப்பவே வாங்கிப் போட்டுடுங்க லா."

ஏன் ஏறுகிறது என்று விசாரிக்கப் போய்த்தான் லெட்சுமணனுக்குத் தலை சுற்றியது. ஜெயபாலன் வரி என்றான். ஹார்ட்வேர் கடைக்காரர் டீசல் என்றார். தெப்ரா கிடங்கில் உடன் வேலை செய்யும் தங்கராஜு, "ஜேபி டவுன் முழுக்க அடுக்குமாடி கொண்டோவா எழும்புது, சிமெண்டெல்லாம் அங்க போயிடுது, மிச்சம் மீதிதான் நமக்கு" என்றார். மூன்றுமே சரியாகத்தான் பட்டன. மூன்றும் சரியென்றால் எதை நம்பி முடிவெடுப்பது?

மனைவி ஷாமளாவோ ஒரே பிடியாக நின்றாள். "ஆடியில யாராவது தரைய உடைப்பாங்களா? பிள்ளை கல்யாண விஷயத்துல விளையாடாதீங்க."

"உடைக்க வேணாம். வாங்கி மட்டும் வைக்கலாம்ல?"

வாங்குவது தொடங்குவதில் சேர்த்தியா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை. கோயில் ஐயருக்குப் போன் போட்டாள். மூட்டையைப் பிரிக்காத வரைக்கும் தோஷமில்லை என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இருபது மூட்டை வந்து இறங்கியது. "அடுக்காதீங்க. பாரம் தாங்காம தரை இன்னும் இறங்கிடும், பரப்பி வைங்க" என்றாள் ஷாமளா. நியாயமான பேச்சு. உள்வாங்கிய மூலையை மூடினாற்போல எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். அந்த மாதம் முழுக்க மழை கொட்டியது. ஒருவரும் மூட்டைகளைத் தொடவில்லை. பிரிக்கக் கூடாதல்லவா?

ஆவணி முதல் நாள் ஜெயபாலன் வந்து, கத்தியால் ஒரு மூட்டையைக் கிழித்தான். கத்தி உள்ளே இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினான். கல். இன்னொன்றைத் தட்டினான். அதுவும் கல்.

"அலமாக்! தரை ஈரம் ஏறிடுச்சு. அடியில பலகை போடலயா அண்ணே?"

லெட்சுமணன் குனிந்து மூட்டையோரம் தரையைத் தடவிப் பார்த்தார். தெப்ரா கிடங்கில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். ஒரு பெட்டி பலகையில்லாமல் தரையில் இருந்தால் ஊரைக் கூட்டிவிடுவார். சொந்த வீட்டில் மட்டும் அது எப்படி மறந்தது? வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

கடைக்குப் போன் செய்தார். சிமெண்டு விலை ஏறவே இல்லையாம். ஏறியது மணலும் டைல்ஸும்தானாம். இனி யார் மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை. வரி மேலா, டீசல் மேலா, ஆடி மேலா, ஐயர் மேலா? கையில் மிச்சமிருந்தது பந்திச் செலவுக்குத்தான். மூட்டைகளை வெளியே தள்ளலாமென்றால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன.

ஷாமளா அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிவப்புக் கார்ப்பெட்டை எடுத்து வந்து அவற்றின் மேல் விரித்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று ரூபினியும் மாப்பிள்ளையும் அதன் மேல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு டைல்ஸும் ஆடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காலால் அழுத்திப் பார்த்தாள்.

"மேடை நல்லா கட்டியிருக்கீங்க சம்பந்தி, கல்லு மாதிரி நிக்குது! எங்க வீட்டுலயும் ஒண்ணு கட்டணும். சிமெண்டு என்ன விலைக்குக் கிடைச்சுது?"

லெட்சுமணன் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"இப்பவே வாங்கிப் போட்டுடுங்க சம்பந்தி. அடுத்த மாசம் ஏறுதாம்" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

"ஏன் ஏறுது?"

"வரி" என்றார். சற்று யோசித்துவிட்டு, "டீசலும்தான்" என்றார்.