ஓவுக்கு முளைத்த வால்

"உன் ஓவுக்கு இன்னும் வால் இருக்கும்மா" என்றார் ஜெர்மன் டீச்சர். மூன்று மாதமாக இதே பாட்டு. கால் சென்டரில் ஒன்பது மணி நேரம் ஆங்கிலம் பேசித் தொண்டை கட்டிப்போய் வருகிறவளிடம் இதைச் சொன்னால் எரிச்சல் வராதா?

அந்த வாலை ஒட்டியதே கம்பெனிதான். சேர்ந்த புதிதில், வெள்ளைக்காரர் ஆங்கிலம் வர வேண்டும் என்று, 'ஓ' என்று ஆரம்பித்து, உதட்டைக் குவித்து, 'ஓவ்' என்று முடிக்கப் பழக்கினார்கள். எட்டு வருடத்தில் அது வாயோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர்கூட போனில், "கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி பேசாதே" என்பார். அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன்.

அவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம். நான் போய்ச் சேர வேண்டுமானால் ஜெர்மன் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்தச் சனிக்கிழமைத் தேர்வும் போனால் விசா மனு காலாவதி, மறுபடி முதலிலிருந்து.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனிலேயே கஷ்டமான ஒலி வந்துவிட்டது. நாக்கை 'ஈ'க்கு வைத்துக்கொண்டு உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். ஆபீஸ் கண்ணாடி முன்னால் நான் குவிப்பதைப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரி, "யாருக்குடி அது? அவர்தான் ஊர்லயே இல்லையே" என்றாள். வராமல் படுத்தியது வாலில்லாத சாதாரண ஓவும் ஏவும்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் நடுவே தம்பி போன் செய்தான். தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் வெளியே வந்துவிட்டானாம், என்ன செய்வது என்று கேட்டான்.

"என்னை ஏன்டா கேக்குற? போ, போய் நிறுத்து" என்று எரிந்து விழுந்தேன்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப சொன்னியே, ஏன், போன்னு. அதே ஏ, அதே ஓதான்மா. நாளைக்கும் அப்படியே சொல்லு."

சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாயில் இருந்ததற்கா இத்தனை நாள் மாரடித்தேன்?

தேர்வறையில் தம்பியை மனதுக்குள் திட்டிக்கொண்டே பதில் சொன்னேன். மாலையே முடிவைச் சொல்லிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து அவரைக் கூப்பிட்டேன். குரலில் கம்பெனிச் சிரிப்பை வரவழைக்கக்கூடத் தெம்பில்லை.

"பாஸ் பண்ணிட்டேன். போதும்ங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

"இப்பதான் நீ பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப இவ்வளவு நாள் யாரு பேசினா?"